செயின் வண்டிக்குப் பதில் டயர் வண்டி: நான்காவது புகார்

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர்

ஐயா / அம்மா,

வணக்கம். முந்தைய மூன்று கடிதங்களுக்கும் "உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம்" என்ற ஒரே பதில்தான் வந்தது, அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு. ஆர்டர் விவரம் உங்கள் கணினியில் இருக்கிறது. மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

நான் பணம் கட்டியது 90 சிகே வண்டியின் 1:50 மாடலுக்கு, அதாவது அசலில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுள்ள சின்ன வண்டிக்கு. பழைய எல் அண்ட் டி பொக்லைன். பெட்டியின் மேலே ஸ்டிக்கரும் 90 சிகே என்றுதான் சொல்கிறது. உள்ளே இருப்பது டிஒய் 45 என்ற வேறு வண்டி. விற்கிறவர் நீங்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கால் சென்டர் தம்பிக்கு விளக்க வேண்டியிருந்தது. இருபது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு லைனுக்கு வந்தவர், "பொக்லைன்தானே சார் கேட்டீங்க, பொக்லைன்தானே வந்திருக்கு?" என்றார்.

நம்ம ஊரில் எந்தக் கம்பெனி வண்டி வந்து மண் அள்ளினாலும் டீக்கடையில் பொக்லைன் என்றுதான் சொல்வார்கள். அது 1927-இல் பிரான்சில் ஜார்ஜ் பத்தாய் ஆரம்பித்த கம்பெனியின் பெயர் என்று டீக்கடைக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை. 14,800 ரூபாய் வாங்கிய உங்களுக்குத் தெரிய வேண்டாமா? 1961-இல் வந்த டிஒய் 45 டயரில் ஓடுவது, 90 சிகே செயினில் ஓடுவது என்று பொறுமையாகத்தான் சொன்னேன். "பொம்மைக்கு எதுக்கு சார் இவ்ளோ டென்ஷன்?" என்று சிரித்தார். பக்கத்தில் இன்னொருவர் சிரித்ததும் கேட்டது.

பொம்மையா? திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் மட்டும் "கலெக்டிபிள் ஐட்டம் சார், சீல் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது" என்கிறீர்கள். சீல் பிரிக்காமல் உள்ளே இருப்பது டயரா செயினா என்று பார்க்க என்ன வழி என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

என் அப்பா சங்ககிரி சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் 90 சிகே ஓட்டியவர். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்காகத்தான் வாங்கினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். "இது டயர் வண்டிடா. நான் ஓட்டுனது செயின்ல" என்று சொல்லிவிட்டு பேப்பரை எடுத்துக்கொண்டார். அவருக்கு ஐந்து நொடியில் தெரிந்தது உங்கள் கம்பெனிக்கு 41 நாளாகத் தெரியவில்லை. இதில் பூம் (பக்கெட்டைத் தாங்கும் நீளக் கை) சிலிண்டரில் ஒரு பின் வேறு இல்லை. பூமைத் தூக்கி வைத்தால் பக்கெட்டோடு தொப்பென்று விழுகிறது. சொல்ல மறந்தே போனேன்.

மாதவரம் கோடவுனுக்கு நேரில் கொண்டு வந்தால் அன்றே மாற்றித் தருவோம் என்று சொன்னதும் உங்கள் ஆள்தான். (இவர் வேறு. மரியாதையாகப் பேசினார், பொய் மட்டும் சொன்னார்.) அதை நம்பி லீவு போட்டு, சங்ககிரியில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்தேன். "இங்க மாத்துறது இல்லைங்க, ஆன்லைன்ல போடுங்க" என்று வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே டீ வாங்கிக் கொடுத்தார். உங்கள் கம்பெனியிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே சேவை அந்த டீதான்.

லீவு, டிக்கெட், அலைச்சல், வீட்டில் கேட்ட பேச்சு எல்லாம் சேர்த்தால் எனக்கு லட்ச ரூபாய் நஷ்டம். சிரிக்க வேண்டாம்.

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கமில்லை. இதற்கு முன் உங்களிடம் வாங்கிய மூன்று மாடல்கள் நன்றாகவே இருக்கின்றன. சரியான 90 சிகேயை அனுப்பி, தவறாக வந்ததை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பு இல்லையென்றால் முழுப் பணத்தையும் வங்கிக் கணக்கில் போடுங்கள், கூப்பன் வேண்டாம். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகளே சொல்கின்றன. முதல் கடிதம் போட்டு அந்த ஒரு மாதமும் தாண்டிவிட்டது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிட்டு நாமக்கல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம்கூடக் கிடையாது. எனக்கு லீவும் பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
90 சிகே ஓட்டியவரின் மகன்,
திருச்செங்கோடு

பி.கு.: திரும்ப அழைப்பதானால் காலை பத்து மணிக்கு மேல் அழைக்கவும். அந்தத் தம்பி வேண்டாம்.