சவுத் டகோட்டா ஃபெசன்ட் வேட்டை: நாயோடு வருபவர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் சவுத் டகோட்டா மாநிலத்தில் ஃபெசன்ட் (கோழி இனத்தைச் சேர்ந்த நீண்ட வால் காட்டுப் பறவை) வேட்டை சீசன் அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை திறக்கிறது. சென்ட்ரல் நேரம் காலை 10 மணிக்கு முன் சுடக்கூடாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 சேவல் (ஆண் ஃபெசன்ட்); பெட்டையைச் சுடவே கூடாது. வண்டியில் ஏற்றும்போது தலையோ இறகோடு கூடிய சிறகோ ஒட்டியே இருக்கட்டும், சோதனையில் சேவல் என்று காட்ட அதுதான் அடையாளம். பொது நிலங்கள் பலவற்றில் ஈய ரவை செல்லாது. ஸ்டீல் ரவையில் 3 அல்லது 4ஆம் எண் அளவு எடுங்கள்.

நாய்தான் முக்கியம். ஓட்டப் பயிற்சியை இப்போதே ஆரம்பியுங்கள். 6 வாரமாவது வேண்டும். சீசன் தொடக்கத்தில் வெயில் அடித்தால் உயரமான புல்லுக்குள் காற்றே இருக்காது. நாக்கு அகலமாகத் தொங்கி நடை தள்ளாடினால் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்தி, வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தண்ணீர் ஊற்றி, கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். நாய்க்கென்று தனியாக 4 லிட்டர் தண்ணீர் வேண்டும், குட்டையை நம்பாதீர்கள். பெரிய சாப்பாடு முந்தின இரவே. வயிறு நிறைந்து ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

ஃபாக்ஸ்டெயில் புல்முள்ளில் பின்னோக்கிய சுணை இருப்பதால் அது உள்ளேதான் நகரும், தானாக வெளியே வராது. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் விரலிடுக்கு, காது, இமை, அக்குள் எல்லாம் தடவிப் பாருங்கள். ஒரே பாதத்தை ஓயாமல் நக்கினால் முள் புகுந்திருக்கலாம்.

காற்றுக்கு எதிராக நடங்கள், அப்போதுதான் நாய்க்கு வாடை கிடைக்கும். தாழப் பறக்கும் பறவையின் பின்னால் நாய் பாயும். பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால் மட்டுமே சுடுங்கள். ரேபிஸ் தடுப்பூசிச் சான்றை மறக்காமல் எடுத்து வாருங்கள்.