தீர்ப்பு என் கையில், ஆள் கோவையில்

டேய் மாப்ளே,

எட்டு மாதம் வாயே திறக்காதவன் எழுதினால் ஏதோ காரியம் என்றுதானே நினைப்பாய்? காரியம்தான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாகத் தங்கை சொன்னாள், சந்தோஷம்.

எனக்குப் பணம் பாக்கி வைத்துவிட்டு இப்போது கோவையில் இருக்கிற உன் பழைய ரூம்மேட் விவகாரம். நியூஜெர்சி கோர்ட்டில் ஜெயித்த அன்று '48,000 டாலரும் வந்த மாதிரிதான்' என்று உன்னிடம் ஃபோனில் கத்தினேனே, அந்த வாயைத் தைக்க வேண்டும். இங்கிலாந்து, சிங்கப்பூர், 2020 முதல் அமீரகம் என்று அரசு அறிவித்த நாடுகளின் தீர்ப்பாக இருந்தால், சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின்படி நம் மாவட்ட கோர்ட்டில் நேராக நிறைவேற்று மனு, அதாவது தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் மனு, போடலாமாம். அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை. தீர்ப்பையே ஆதாரமாக வைத்துக் கோவையில் புதிதாக வழக்குப் போட வேண்டும், அதுவும் தீர்ப்புத் தேதியிலிருந்து 3 வருடத்துக்குள். இரண்டு வருடம் எட்டு மாதம் ஓடிவிட்டது. நான் பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தேன், கழுதை.

அதைவிட வயிற்றைக் கலக்குவது அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு. அவன் ஆஜராகாததால் எனக்குக் கிடைத்தது எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, ஒருதரப்புத் தீர்ப்பு. ஆள் வரவில்லை என்பதற்காக மட்டும் கொடுத்த தீர்ப்பென்றால் இந்தியாவில் செல்லாது. சாட்சியத்தைப் பார்த்துக் கொடுத்திருந்தால் செல்லும். உத்தரவோ ஒரே பக்கம், காரணம் ஒரு வரிகூட இல்லை. வக்கீல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஜட்ஜ் உங்களை ஏதாவது கேட்டாரா?" என்றார். கேட்டார்! பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, இது கடனா, முதலீடா என்று குடைந்தார். அன்று எரிச்சலாக இருந்தது. அந்தக் குடைச்சல்தான் இப்போது என்னைக் காப்பாற்ற வேண்டும். விசாரணைப் பதிவின் நகலுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். நோட்டீஸ் வாங்கியபோது அவன் நியூஜெர்சியில்தான் குடியிருந்தான், அதனால் அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்ற வம்பு இல்லை.

இனி உன் வேலை. வழக்கை நடத்த உன் பெயருக்குப் பவர் எழுதி, வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அபோஸ்டில் சான்று போட்டு அனுப்புகிறேன். நீ இல்லையென்றால் எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? அவன் சோறு போட்டவன், சங்கடம்தான், தெரியும். முடியாதென்றால் இந்த வாரமே சொல்லிவிடு, கோபிக்க மாட்டேன்.

'நான் போய்ப் பேசிப் பார்க்கட்டுமா' என்று மட்டும் ஆரம்பிக்காதே. சென்ற முறை நீ பேசிப் பார்த்ததில் அவனுக்கு இன்னும் ஐயாயிரம் கொடுத்துவிட்டு வந்தவன் நீ.

உன்
ஒட்டகம்