ஒரு சைக்கிள் ஸ்டெம்முக்கு மூணு மாசம் அலைய விட்டுட்டீங்க, என் காச முழுசா திருப்பிக் குடுங்க

மேனேஜர் சார், வணக்கம்.

இதுக்கு முன்னாடி உங்க கம்பெனிக்கு இங்கிலீஷ்ல ஏழு மெயில் போட்டுட்டேன். தானா வர்ற பதில் தவிர ஒண்ணும் வரல. மாரிட்ஸ்பர்க் கடையில இருந்த பையன்தான் சொன்னான், தலைமை ஆபீஸ்ல நம்ம ஆள் ஒருத்தர் மேனேஜரா இருக்காரு, தமிழ் நல்லா படிப்பாருன்னு. அதான் உங்களுக்கே எழுதுறேன். கொஞ்சம் பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க சார்.

விஷயம் ஒரு ஸ்டெம், சைக்கிள்ல ஹேண்டில்பாரப் பிடிச்சு நிறுத்துற துண்டு. சைக்கிளும் போன வருஷம் உங்க டர்பன் கடையில வாங்குனது, ஸ்டெம்மும் உங்க சொந்த பிராண்டு. உங்க வண்டிக்கு உங்க ஸ்டெம்ல எது பொருந்தும்னு உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு நம்பித்தான் கேட்டேன்.

வண்டியோட வந்தது 110 எம்எம் ஸ்டெம், எனக்கு அது நீளம். எம்4 ரோட்டுல அம்லாங்கா தாண்டி பலிட்டோ வரைக்கும் போய்ட்டு வந்தா சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போயிடும், கழுத்துல கல்ல வச்ச மாதிரி இருக்கும். ஒசரத்துக்குப் போடுற ஸ்பேசர் வளையம் எல்லாம் ஏற்கனவே ஸ்டெம்முக்குக் கீழதான் கெடக்கு, இனி ஒசத்த எடமில்ல. ஸ்டெம்ம கவுத்துப் போட்டும் பாத்தேன், கீழ சாஞ்சிருந்த மைனஸ் 6 டிகிரி மேல சாஞ்சு பிளஸ் 6 ஆச்சு, ரெண்டு சென்டிமீட்டர் மாதிரி ஒசரம் கெடைச்சுது, ஆனா எட்டிப் பிடிக்கிற தூரம் பெருசா கொறையல. அதனால 80 எம்எம் வேணும்னு முடிவு பண்ணேன்.

இங்கதான் உங்க ஆளுங்க கோட்ட விட்டாங்க. ஸ்டெம்முக்கு ரெண்டு வாய் இருக்கு. முன்னாடி வாய் ஹேண்டில்பாரப் பிடிக்கும், பின்னாடி வாய் ஃபோர்க்லேருந்து மேல வர்ற ஸ்டீரர் குழாயப் பிடிக்கும். இப்ப வர்ற ரோட் பைக்ல பெரும்பாலும் ஹேண்டில்பார் பக்கம் 31.8 எம்எம், ஸ்டீரர் பக்கம் 28.6, அதாவது ஒன்னே அரைக்கால் இன்ச். ஆனா நீங்க எனக்கு வித்த வண்டியில ஸ்டீரரே ஒன்னேகால் இன்ச், அதுவும் 31.8 தான். ஜயண்ட் ஓவர்டிரைவ் 2-ல வர்ற அதே அளவு. ஒரே நம்பர், ரெண்டு எடம். இது தெரியாதவன் கொழம்புவான்னு எனக்கே புரியுது, அதனாலதான் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி சாட்ல தெளிவா கேட்டேன், என் வண்டி மாடல் இது, ஸ்டீரர் பக்கம் 31.8 வேணும், இது மாட்டுமான்னு. "ஆமா சார், 31.8 தான், கரெக்டா ஃபிட் ஆகும்"னு பதில். அந்த சாட் இன்னும் என்கிட்ட இருக்கு. 1,250 ரேண்ட் கட்டினேன், ஆகஸ்ட் மொத வாரம் வந்துது. ஹேண்டில்பார் பக்கம் 31.8, ஸ்டீரர் பக்கம் 28.6. குழாய் மேல வச்சா உள்ளயே எறங்கல.

சரி, தப்பு யாருக்கும் வரும். என் செலவுலயே கூரியர்ல திருப்பி அனுப்பிட்டு மாத்திக் குடுங்கன்னு கேட்டேன். அதுக்கப்புறம் நடந்ததுதான் தாங்க முடியல.

போன்ல பேசுன ஒருத்தர், பேர் சொல்ல மாட்டேன்னுட்டாரு, எடுத்த எடுப்புல "சார், ஸ்கேல் வச்சு அளந்தீங்களா?"ன்னாரு. நான் ஜேக்கப்ஸ்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல பதினாலு வருஷமா ஃபிட்டர் சார். காலையில கை கழுவிட்டு மொதல்ல எடுக்கிறது வெர்னியர்தான், நுணுக்கமா அளக்குற கருவி. அதச் சொன்னேன். "அப்ப ஒரு ஷிம் போட்டு மாட்டிக்கங்க"ன்னாரு. ஷிம்முன்னா ஓட்டை பெருசா இருந்து குழாய் சின்னதா இருந்தா நடுவுல சொருகுற தகடு. இங்க ஓட்டை சின்னது, குழாய் பெருசு, 3.2 எம்எம் இடிக்குது, அதுக்குள்ள இன்னொரு தகட வச்சா ஓட்டை இன்னும்தான சின்னதாகும்? இத நான் கரடியா கத்துறேன், அவரு "சார் நீங்க சைக்கிளுக்குப் புதுசா?"ன்னு கேட்டுட்டு போன வச்சுட்டாரு. என் பொண்டாட்டி பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல சார் எனக்கு. கார்பன் ஸ்டீரர், ஒழுங்கா பிடிக்காத ஸ்டெம்ம மாட்டிக்கிட்டு போத்தாஸ் ஹில்லுல எறங்கும்போது ஹேண்டில்பார் திரும்பிச்சுன்னா நான் இன்னிக்கு இந்த லெட்டர எழுதிக்கிட்டு இருப்பேனா?

மாரிட்ஸ்பர்க் விஷயத்த இன்னும் சொல்லல. செப்டம்பர்ல வேற ஒரு பொண்ணு கூப்பிட்டு, மாரிட்ஸ்பர்க் கடையில ஒன்னேகால் இன்ச் 80 எம்எம் ஒண்ணே ஒண்ணு இருக்கு, உங்க பேர்ல எடுத்து வச்சாச்சு, சனிக்கிழமை ஒரு மணிக்குள்ள நேர்ல வாங்கன்னு சொன்னாங்க. அன்னிக்கு புரட்டாசி மொத சனிக்கிழமை. எங்க வீட்டுல பெருமாளுக்குப் படையல் போடுற நாள், வாழ எலைய விரிச்சு வச்சுட்டு எல்லாரும் எனக்காக காத்திருக்காங்க, நான் ரெண்டு மணிக்குள்ள வந்துடுறேன்னு சாட்ஸ்வொர்த்லேருந்து கெளம்பி மரியன்ஹில் டோல்ல காச கட்டி என்3-ல லாரிங்களுக்குப் பின்னாடி ஊர்ந்து ஊர்ந்து பன்னெண்டே முக்காலுக்குப் போய்ச் சேந்தேன். பையன் பெட்டிய எடுத்து வந்தான். மேல ஒன்னேகால் இன்ச்னு ஸ்டிக்கர். தெறந்து பாத்தா ஓட்டை சின்னதாத் தெரிஞ்சுது, சட்டப் பாக்கெட்லேருந்து வெர்னியர எடுத்து கவுன்டர் மேலயே வச்சு அளந்தேன், 28.6. ஸ்டிக்கர நகத்தால கீறிப் பாத்தா அதுக்கு அடியில இன்னொரு ஸ்டிக்கர், ஒன்னே அரைக்கால் இன்ச்! அந்தப் பையன் பாவம், மொகம் செத்துப் போச்சு, அவன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா உங்க குடோன்ல யாரோ ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க, அது யாருன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். வீட்டுக்குத் திரும்பும்போது மணி மூணு தாண்டிடுச்சு, படையல் முடிஞ்சு எல்லாம் ஆறிப் போய் கெடந்துது.

அதுக்கப்புறம் கூரியர்ல ஒண்ணு வந்துது, ஸ்டீரர் பக்கம் சரியா 31.8, நீளம் 120. இருந்த 110-ஏ நீளம்னுதான சார் அழுதேன்? அது பெட்டியோட அப்படியே வீட்டுல இருக்கு, மாட்டவே இல்ல.

அக்டோபர்ல அமாஷோவா சைக்கிள் பந்தயத்துக்குப் பேர் குடுத்திருந்தேன். மாரிட்ஸ்பர்க்லேருந்து டர்பன், 106 கிலோமீட்டர். ஜூன்லேருந்து இருட்டோட எந்திரிச்சு பழகுனேன். பழைய ஸ்டெம்மோட ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டுனா பிரேக்க அமுக்க விரல்ல உணர்ச்சி இல்ல, அப்படி எப்படி இஞ்சாங்கா மேடும் எறக்கமும் போறது? போகல. என் கூட வேல செய்ற தம்பி மட்டும் போய் முடிச்சுட்டு மெடலோட வந்து நின்னான், எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இத்தன மாச உழைப்பே நாசம் சார். கட்டுன பேர் காசு, டோல், பெட்ரோல், கூரியர், போன்ல காத்துக் கெடந்த நேரம், எல்லாத்தையும் கூட்டுனா புது வண்டியே வாங்கியிருக்கலாம்.

இவ்வளவுக்கும் மேல போன வாரம் ஒரு மெயில் வருது, காசு திருப்பித் தர்றோம், ஆனா கையாளுற செலவுக்கு 15 சதவீதம் பிடிச்சுப்போம்னு. 187 ரேண்ட் 50 சென்ட். எதுக்கு சார்? தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ல வந்த 68-வது சட்டம், அதுல 55-வது பிரிவு என்ன சொல்லுது? எதுக்கு வேணும்னு சொல்லி வாங்குனா அதுக்குப் பொருந்துறதா இருக்கணும். 56-வது பிரிவு, பொருந்தலேன்னா ஆறு மாசத்துக்குள்ள வித்தவங்க செலவுலயே, ஒரு பிடித்தமும் இல்லாம திருப்பிக் குடுக்கலாம், ரிப்பேரா மாத்தித் தர்றதா காசா, அத வாங்குனவன்தான் சொல்லணும். ஆறு மாசம் இன்னும் ஆகல. நான் காசுன்னு சொல்றேன்.

உங்க மேல எனக்கு தனிப்பட்ட பகை எதுவும் கெடையாது சார். அந்த வண்டிய இன்னும் புள்ள மாதிரிதான் தொடச்சு வைக்கிறேன். 1,250 ரேண்ட் முழுசா வரணும், நான் கட்டுன மொத கூரியர் காசும் வரணும், 120 எம்எம் ஸ்டெம்ம உங்க ஆளே வீட்டுல வந்து எடுத்துக்கணும். ஷிம் போடச் சொன்னவரு எழுத்துல மன்னிப்புக் கேக்கணும், இத நான் விட மாட்டேன். இன்னிலேருந்து ஏழு நாள் பாப்பேன். இல்லேன்னா சாட், ரெண்டு ஸ்டிக்கரோட போட்டோ, வெர்னியர் போட்டோ எல்லாத்தையும் சேத்து வாங்குனவங்க புகார விசாரிக்கிற நுகர்பொருள் ஆம்பட்ஸ்மன் ஆபீஸுக்குப் போடுவேன், அங்கயும் ஆகலேன்னா தேசிய நுகர்வோர் ஆணையம் வரைக்கும் போவேன்.

தயவு செஞ்சு அவ்வளவு தூரம் போக வைக்காதீங்க. ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடியும், மூணு மணிக்கு மேல எப்ப வேணாலும் கூப்பிடுங்க, நம்பர் உங்க ஃபைல்லயே இருக்கு. நீங்களே கூப்பிடுங்க சார், அந்த ஆள விட்டு மட்டும் கூப்பிட வைக்காதீங்க.