பிள்ளை பிடிக்கும் பேராசிரியர்கள்

ஆசிரியருக்கு,

பிளஸ் டூ முடிவு வந்ததும் தனியார் பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் பலர் ஊர் ஊராகப் பிள்ளை பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஆளுக்கு இத்தனை சேர்க்கை என்று இலக்கு வேறு! பாடம் நடத்த வந்தவர்களுக்கு இது தேவையா?

உயர்கல்விச் சேர்க்கையில் தமிழகம் பின்தங்கவில்லை. 2021-22இல் 47 சதவீதம், தேசிய அளவில் 28.4தான். ஆனாலும் சிவில், மெக்கானிக்கல் இடங்கள் காலி. 2024-25இல் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ., இடங்களுக்கான உச்சவரம்பை நீக்க, பெரிய கல்லூரிகள் கணினி அறிவியலில் இடங்களைப் பெருக்கிக்கொண்டன. சின்னக் கல்லூரிகள் தெருவுக்கு வந்தன.

துறைவாரியாகக் கடந்த ஆண்டுச் சேர்க்கை, ஆசிரியர் பட்டியல் இரண்டையும் கலந்தாய்வுக்கு முன்பே ஒவ்வொரு கல்லூரியும் வெளியிட வேண்டும். ஒரே பேராசிரியர் பல கல்லூரிகளில் இருப்பதாகக் காட்டிய கூத்து 2024இல்தானே அம்பலமானது?

- ஓய்வுபெற்ற விரிவுரையாளர், ஈரோடு