ஒரு சின்னக் கோடு

அன்புள்ள மாலா,

அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? சாந்தியைத் தேக்காவில் பார்த்தேன். அதே பை, அதே பேரம். உன் பிராட்டா கடனையும் விசாரித்தாள், சீக்கிரம் கட்டிவிடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே சிங்கப்பூரில், துவாஸில் நாங்கள் பார்த்துக்கொள்ளும் கிடங்கு ஒன்றில், சரக்குக் கணக்கு முழுக்கப் போஸ்ட்கிரெஸ் 9.1 என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் ஓடுகிறது. அதிலுள்ள பாதுகாப்பு ஓட்டையை அடைக்க 2013 ஏப்ரல் 4 அன்று வந்த பேட்ச் ஞாபகம் இருக்கிறதா? மூலநிரலையே யார் கண்ணிலும் படாமல் மூடிவைத்து, ஒரு வாரம் முன்பே அறிவித்துவிட்டு வெளியிட்டார்களே, அதேதான். அது அங்கே ஏறவே இல்லை! டேட்டாபேஸுக்குள் இணையும் வாசலான 5432 போர்ட்டோ விருந்தினர் வைஃபை வரை திறந்து கிடக்கிறது.

மேலாளரிடம் பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது. “பாஸ்வேர்ட் இருக்கிறதே” என்கிறார். பாஸ்வேர்ட் கேட்கும் கட்டத்துக்கே போக வேண்டாம், அதுதானே கொடுமை! இணைப்புக் கேட்கும்போது டேட்டாபேஸின் பெயர் ‘-’ என்ற ஒரு சின்னக் கோட்டில் தொடங்கினால், சர்வர் அதைத் தனக்கு வந்த கட்டளை என்று நினைத்துவிடுகிறது. பிழைச்செய்தியைத் தன் கோப்பு ஒன்றின் வாலிலேயே எழுதிவிடுகிறது. என் கணினியில் ஒரு நகலை வைத்துச் செய்து காட்டினேன். அமைப்புக் கோப்பின் கடைசியில் ‘ஃபேட்டல்’ என்று ஒரு வரி வந்து உட்கார்ந்தது. நிறுத்திக் கிளப்பினால், சர்வர் எழவே மாட்டேன் என்கிறது. இந்த வரியையாவது அழித்துவிடலாம். டேட்டா கோப்பு கெட்டால் பேக்கப்தான் கதி.

அதையும் பார்த்துவிட்டு, “அதில் திருட என்ன இருக்கிறது?” என்றார். எனக்குக் கோபமே வந்துவிட்டது மாலா. 2018-இல் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தில் 1.5 மில்லியன் பேரின் விவரம் களவு போனதிலிருந்து, பாதுகாப்பு என்றாலே இங்கே பலருக்குத் திருட்டு மட்டும்தான் தோன்றுகிறது. எதுவும் களவு போகாமலே எல்லாம் நின்றுபோகலாமே! அந்தக் கிடங்கில் மருந்துப் பெட்டிகளும் இருக்கின்றன. சர்வர் படுத்தால் எது எந்த அடுக்கில் என்று யாருக்கும் தெரியாது. வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வங்கிகளின் முக்கியக் கணினிகள் 12 மாதத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் எதிர்பாராமல் நிற்கக் கூடாது என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் விதி வைத்திருக்கிறது. மருந்துக்குக் காத்திருப்பவருக்கும் அதே அவசரம்தானே?

போர்ட்டை அன்றைக்கே அடைத்துவிட்டேன். சனிக்கிழமை இரவு சர்வரை நிறுத்திக்கொள்ள ஒருவழியாகச் சம்மதித்தார்கள். 9.1-க்கு ஆதரவு 2016-லேயே முடிந்துவிட்டது, அதனால் புதிய பதிப்புக்கே மாற்றப்போகிறேன். பினாங்கில் நீ இதே மாற்றத்தைச் செய்தபோது எழுதிய குறிப்புகளை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. வழக்கம்போல ‘இதோ அனுப்புகிறேன்’ என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடாதே. சனிக்கிழமை இரவு போன் பண்ணுவேன், எடு.

அன்புடன்,
கோமதி