ஹெட் போல்ட் "புதிது" என்று பில், இஞ்சினில் இருந்ததோ பழையது

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
பழைய மோட்டார் சைக்கிள் புதுப்பிக்கும் பிரிவு

பொருள்: புல்லட் 350 இஞ்சின் வேலையில் பழைய ஹெட் போல்ட்டுகளையே மாட்டியது குறித்து

ஐயா,

வணக்கம். அப்பா 1978இல் வாங்கிய புல்லட்டை, அந்த வார்ப்பிரும்பு இஞ்சின் வண்டியை, முழு இஞ்சின் வேலைக்காக உங்களிடம் விட்டிருந்தேன். 46,500 ரூபாய் பில் போட்டீர்கள். பேரம் பேசாமல் கட்டினேன். அதில் ஒரு வரி: "ஹெட் போல்ட் செட், புதிது, ரூ.1,850". இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைப் பேரலோடு (சிலிண்டரோடு) இறுக்கிப் பிடிக்க, புல்லட்டில் இருப்பது ஸ்டட்டும் (இரு முனையிலும் மரை போட்ட கம்பி) நட்டும்தான். சரி, பேரில் என்ன சண்டை.

வண்டி 340 கிலோமீட்டர்கூட முழுசாக ஓடவில்லை. ஏற்காடு மலைப்பாதையில் பாதி வளைவுகூட ஏறியிருக்க மாட்டேன், ஹெட்டுக்கும் பேரலுக்கும் நடுவே "ச்சு ச்சு" என்று காற்று வர ஆரம்பித்தது. இழுவை போய்விட்டது. கிக்கரை மிதித்தால் வெண்ணெயில் கால் வைத்த மாதிரி இறங்கியது. வண்டியைச் சேலத்துக்கு மினி டெம்போவில் இறக்கிக்கொண்டு வந்து, எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் பிரிக்கச் சொன்னேன்.

ஸ்டட் நுனிகளைத் துடைத்ததும் அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒவ்வொன்றிலும் சென்டர் பஞ்ச் என்ற கூர் உளியால் அடித்த புள்ளி. 1994இல் இஞ்சின் பிரித்தபோது, எது எந்த இடத்தில் இருந்தது என்று தெரிவதற்காக அப்பாவே அடித்த புள்ளிகள் அவை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை மாறாமல் அப்படியே இருந்தன. நீங்கள் போட்ட புதிய செட் எங்கே போனது?

தொலைபேசியில் கேட்டபோது உங்கள் ஆள், "இப்ப வர்றதெல்லாம் டூப்ளிகேட் சார், பழசுதான் கெட்டி" என்றார். பழையதையே மாட்டலாம் என்பதில் பாதி நிஜம் என்று எனக்கும் தெரியும். இந்தக் காலத்து கார் இஞ்சின்கள் பலவற்றில் ஹெட் போல்ட்டை ஒருமுறைதான் முறுக்கலாம்; கழற்றினால் தூக்கிப் போட வேண்டும். பழைய புல்லட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. பழையதை மாட்டியது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. அப்படியென்றால் அதை என்னிடம் சொல்லிவிட்டு, பில்லில் அந்த வரியை நீக்கியிருக்க வேண்டும். மாட்டுவதற்கு முன்னால் அளந்தும் பார்த்திருக்க வேண்டும்.

அளக்கவில்லை என்பது தெளிவு. நட்டை விரலாலேயே மரையில் ஓட்டினால் அடிவரை வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டு ஸ்டட்டுகளில் பாதியில் இறுகி நிற்கிறது; மரை நீண்டு, இடைவெளி மாறிவிட்டது. வெர்னியர் வைத்துப் பார்த்தால் அவற்றில் ஒன்று கழுத்தில் அரை மில்லிமீட்டர் மெலிந்திருக்கிறது. அந்த நிலைக்கு வந்த ஸ்டட், ஸ்பிரிங் போலத் திரும்ப இழுத்துப் பிடிக்காது. முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் "டக்" என்று சொன்னாலும் நம்ப முடியாது. அழுக்கு மரையின் உராய்வே பாதி முறுக்கைத் தின்றுவிடும். 70 மி.மீ. பிஸ்டனின் பரப்பு சுமார் 38 சதுர செ.மீ. எரியும்போது அழுத்தம் சதுர செ.மீ.க்கு 30 கிலோ என்று வைத்தாலே ஹெட்டை மேலே தள்ளுவது ஒரு டன்னுக்கு மேல். போதாததற்கு, சூட்டில் அலுமினிய ஹெட் இரும்பு ஸ்டட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அந்த இழுப்பையும் ஸ்டட்தான் தாங்க வேண்டும்.

"பழைய வண்டின்னா அப்படித்தான் சார்" என்றும் உங்கள் ஆள் சொன்னார். உங்கள் போர்டிலேயே பழைய வண்டி வேலை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்?

ஸ்டட், நட், ஹெட் பேக்கிங் எல்லாம் என் கண்ணெதிரே புதிதாகப் போட்டு, ஹெட் முகம் நேராக இருக்கிறதா என்று பார்த்து, கூலி இல்லாமல் வேலையை முடித்துத் தர வேண்டும். ஓடிச் சூடாகி ஆறிய பிறகு ஒருமுறை மறுமுறுக்கும் கொடுக்க வேண்டும். அது முடியாது என்றால், 1,850 ரூபாயோடு ஹெட் வேலைக்கான கூலியையும் டெம்போ வாடகையையும் திருப்பிக் கொடுங்கள். கழற்றும் பழைய பாகங்களை இனி யாருடைய வண்டியானாலும் கவரில் போட்டு அவர்களிடமே கொடுங்கள். என்னுடையதைக் கேட்டபோது "ஸ்கிராப்ல போயிருச்சு" என்றார்கள். அவை இஞ்சினுக்குள்ளேயே இருந்திருக்கின்றன.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். பில் நகலும், அப்பா அடித்த புள்ளிகள் தெரியும் படங்களும் இத்துடன் இருக்கின்றன. ஸ்டட்டுகளை, நுனியைத் தவிர வேறெங்கும் துடைக்காமல், அப்படியே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். யாரையாவது அனுப்பினால் காட்டுகிறேன். கையில் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
வண்டியின் உரிமையாளர்,
சேலம்