ஆண்டறிக்கை 2024–25: மாணவர் மாதிரிச் சட்டமன்றமும் சங்கப் பணிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவில் கூடியுள்ள சங்க உறுப்பினர்களே, மாணவர்களை அனுப்பி உதவிய ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் பணிவுடன் வைக்கிறேன். வாசகசாலை வழக்கம்போல் இயங்கியது. மாலை நேரப் பாட வகுப்புகள் பொதுத்தேர்வுக் காலம் வரை தடையின்றி நடந்தன. வடகிழக்குப் பருவமழையின்போது கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பகுதிகளில் நம் உறுப்பினர்கள் செய்த பணி அனைவரும் அறிந்ததே. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதி, செயற்குழு இவ்வாண்டு புதிதாக மேற்கொண்ட ஒரே பணியான மாணவர் மாதிரிச் சட்டமன்றம் பற்றியதாகவே அமைகிறது.

இதுவரை நாம் மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டியும் பட்டிமன்றமும் நடத்தி வந்தோம். அவற்றால் நல்ல பேச்சாளர்கள் உருவானார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பேசி முடித்தவர் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார். பேசிய பொருள் அங்கேயே நின்றுவிடும். பேச்சு ஒரு முடிவாக மாறுவதற்கு முன்னறிவிப்பு, பொருள்நிரல், திருத்தம், வாக்கெடுப்பு என ஒரு வழி வேண்டும். நம் வட்டாரத்துக்கு இது புதிதன்று. 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை உறுப்பினராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய நாள் முதல், கூட்டம் கூட்டித் தலைவரைத் தேர்ந்து தீர்மானம் இயற்றும் வழக்கம் வடசென்னைத் தெருக்களில் வேரூன்றியிருக்கிறது. இளையோரிடம் அது மங்கி வருகிறது என்பது செயற்குழுவின் கருத்து.

நாடாளுமன்ற விவகார அமைச்சகம் நடத்தும் இளையோர் நாடாளுமன்றப் போட்டியின் நடைமுறைகளைச் செயற்குழு முதலில் ஆராய்ந்தது. 1962இல் பம்பாயில் நடந்த கொறடாக்கள் (அவையில் எப்படி வாக்களிப்பது என்று தம் கட்சி உறுப்பினர்களுக்குக் கட்டளையிடுவோர்) மாநாட்டின் பரிந்துரையில் தோன்றி, 1966–67இல் தில்லிப் பள்ளிகளில் தொடங்கிய அத்திட்டம் பயனுள்ளது என்றாலும், ஒரு மணி நேரத்துக்கு மிகாத அமர்வுக்காக ஒத்திகை பார்த்து மேடையேற்றும்போது முடிவு என்னவென்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. நாம் வசனம் எழுதித் தருவதில்லை என்று முடிவு செய்தோம். நாடாளுமன்றத்துக்குப் பதிலாகச் சட்டமன்றத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. சாலை, குடிநீர், மீன்பிடி, பள்ளி என மாணவர்கள் அன்றாடம் காணும் பலவும் மாநில அரசைச் சேர்ந்தவை. அவற்றைப் பேசும் அவையோ ராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பகுதிகளின் அரசு மற்றும் மாநகராட்சிப் பள்ளிகளிலிருந்து ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியர் 60 பேர் அவையில் அமர்ந்தனர். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினரை அழைக்க வேண்டாம் என்ற தலைமையாசிரியர்களின் வேண்டுகோளை ஏற்றோம். சட்டமன்றச் செயலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒருவர் ஞாயிறுதோறும் பயிற்சி அளித்தார். ஒவ்வோர் அவையும் தன் விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்று அரசியலமைப்பின் 208ஆம் பிரிவு கூறுவதால், மாணவர் அவையின் முதல் அலுவலாக விதிகளை ஏற்கும் தீர்மானமே வைக்கப்பட்டது.

முதல் பயிற்சி அமர்வு பெருங்கூச்சலில் முடிந்தது. அவை கூடிய சில நிமிடங்களில் எதிர்க்கட்சி வரிசையினர் எழுந்து, காகிதங்களைக் கிழித்துப் போட்டு, வெளிநடப்புச் செய்து, கூடத்தின் வாசலில் நின்று சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தொலைக்காட்சிச் செய்திகளில் அவர்கள் கண்ட சட்டமன்றம் அதுதான்; அரசுத் துறைகள் தம் செலவுக்கு அவையிடம் பணம் கேட்டு வைக்கும் மானியக் கோரிக்கை மீது மணிக்கணக்கில் நடக்கும் விவாதத்தை யாரும் செய்தியில் காட்டுவதில்லை. வெளிநடப்புக் கூடாது என்று தடை விதிக்காமல், எதைக் கண்டித்து வெளியேறுகிறோம் என்பதை அவைத் தலைவரின் அனுமதி பெற்றுச் சொன்ன பிறகே வெளியேற வேண்டும் என்று மட்டும் பயிற்சியாளர் நிபந்தனை விதித்தார். சொல்வதற்கு ஏதும் இல்லாத வெளிநடப்புகள் அத்துடன் நின்றன.

மக்களவை விதிகளில் 349ஆவது விதி, உறுப்பினர் அவையில் நடந்துகொள்ள வேண்டிய முறையைக் கூறுகிறது. வரும்போதும் போகும்போதும் தலைவர் இருக்கையை நோக்கி வணங்க வேண்டும். பேசிக்கொண்டிருப்பவருக்கும் தலைவருக்கும் இடையே குறுக்கே நடக்கக் கூடாது. ஒருவர் பேசும்போது இரைச்சலிட்டுத் தடுக்கக் கூடாது. இவை வெறும் சடங்குகள் என்றே மாணவர்கள் முதலில் எண்ணினர். எதிரில் இருப்பவரைப் பார்த்து “நீங்கள்” என்று பேசாமல், எல்லாவற்றையும் “பேரவைத் தலைவர் அவர்களே” என்று விளித்தே சொல்ல வேண்டும் என்ற வழக்கத்தின் பயனை மட்டும் அவர்கள் விரைவில் உணர்ந்துகொண்டார்கள். ஒரே தெருவைச் சேர்ந்த இரு மாணவர்களுக்கிடையே நெடுநாளாக இருந்த பகை, தலைவர் வழியாகப் பேச நேர்ந்ததாலேயே கைகலப்பாகாமல் காரசாரமான நல்ல விவாதமாக நடந்தேறியது.

வினா நேரத்துக்கே நாங்கள் மிகுதியாக உழைத்தோம். மிகுதியான பலன் கிடைத்ததும் அதில்தான். மக்களவையில் வினாவுக்குக் குறைந்தது 15 முழு நாட்கள் முன்னறிவிப்புத் தர வேண்டும். நாங்கள் அதை ஒரு வாரமாகக் குறைத்துக்கொண்டோம். நாளொன்றுக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் அங்கே வாய்மொழி விடைக்காகப் பட்டியலிடப்படுகின்றன. அவற்றுக்குத் துணைக்கேள்வி கேட்கலாம். குறியில்லாத வினாக்களுக்கு எழுத்தில் மட்டுமே விடை. வினா தகவல் கேட்பதாக இருக்க வேண்டும். வாதம், ஊகம், ஏளனம், பழிசுமத்தல் ஆகியவை அதில் இடம்பெறக் கூடாது. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கை இன்னும் அகற்றாததற்கு அமைச்சருக்கு வெட்கமில்லையா என்று ஒரு மாணவி எழுதித் தந்தாள். செயலக மேசையில் அமர்ந்திருந்த மாணவர்கள் அதைத் திருப்பி அனுப்பினார்கள். அகற்றும் பணி எந்நிலையில் உள்ளது, முடிக்கக் காலவரை உண்டா, இடைக்காலத்தில் புகையைத் தடுக்கும் ஏற்பாடு என்ன என்ற மூன்று கூறுகளாக அவள் திருத்தித் தந்தபோது, வெட்கத்தைப் பற்றிய முதல் கேள்வியைவிட இது அமைச்சருக்குப் பெருஞ்சங்கடமாக அமைந்தது.

காசிமேட்டு மீனவர் குடும்பத்து மாணவர் ஒருவர் மீன்பிடித் தடைக்காலம் பற்றி வினா தந்தார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது. அந்நாட்களுக்கான நிவாரணம் உரிய காலத்தில் வருகிறதா என்பதே அவர் கேட்டது. இவ்வினா மாநில அவைக்கு உரியதா என்று எதிர் வரிசையிலிருந்து, விதி மீறப்படுகிறது எனச் சுட்டும் ஒழுங்குப் பிரச்சினை எழுந்தது. அரசியலமைப்பு அதிகாரங்களைப் பிரித்துத் தரும் பட்டியல்களில், மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆனால் கரையிலிருந்து 12 கடல் மைல் வரையான ஆட்சிக்கடலுக்கு அப்பால் மீன்பிடிப்பது மத்தியப் பட்டியலைச் சேர்ந்தது. அந்த எல்லையைத் தாண்டிப் போகும் படகுகளின் பிள்ளைகளுக்குத் தங்கள் அப்பா இரண்டு அரசுகளின் ஆளுகைக்குள்ளும் வலை வீசுகிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. நிவாரணம் மாநிலத்துறை வழியாகவே மீனவரைச் சென்றடைகிறது என்று கூறி, தலைவராக இருந்த மாணவி வினாவை அனுமதித்தாள். அதே நாளில் சென்னைத் துறைமுகம் பற்றிய வினாவை, பெருந்துறைமுகங்கள் மத்தியப் பட்டியலில் இருப்பதால் நிராகரித்தாள். துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளால் எண்ணூர் நெடுஞ்சாலையில் பள்ளி செல்வோர் படும் பாட்டை, போக்குவரத்துக் காவல் குறித்த வினாவாக மாற்றி மறுவாரம் மீண்டும் கொண்டு வந்தார்கள். விதியை இவ்வளவு விரைவில் தங்களுக்குச் சாதகமாக வளைக்கக் கற்றுக்கொள்வார்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

தீர்மானத்துக்கும் சட்டமுன்வடிவுக்கும் (மசோதாவுக்கும்) உள்ள வேறுபாட்டை விளக்க, நம் மாநிலத்தின் பெயர் மாற்றமே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டது. 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உரியது என்பதால், 1968இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. அவையின் விருப்பத்தைத் தெரிவிப்பது தீர்மானம். அதற்குச் சட்டத்தின் வலிமை வேறு இடத்திலிருந்து வரவேண்டியிருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இல்லை.

அவையின் சொந்தச் சட்டமுன்வடிவாக, பள்ளிகள் தொடங்கும், முடியும் நேரங்களில் அச்சாலைகளில் கனரக வாகனங்களை ஒழுங்குபடுத்துவதற்கான ஒன்றை ஆளுங்கட்சி மாணவர்கள் வரைந்தனர். அறிமுகம், பிரிவுவாரி ஆய்வு, நிறைவேற்றம் என்ற படிகள் முறையாகப் பின்பற்றப்பட்டன. முதல் பிரிவை ஏன் கடைசியில் வாக்கெடுப்புக்கு விடுகிறார்கள் என்று பலரும் கேட்டனர். சட்டத்தின் பெயரும் அது செல்லுபடியாகும் பரப்பும் தொடக்க நாளும் அப்பிரிவில் இருப்பதால், மற்றவை திருத்தம் பெற்ற பிறகே அதை இறுதி செய்ய முடியும்.

திருத்தங்களில்தான் உண்மையான அரசியல் வெளிப்பட்டது. அதிகாலை மீன் ஏற்றிவரும் வண்டிகளுக்கு விலக்கு வேண்டும் என்று எதிர்க்கட்சி திருத்தம் கொண்டு வந்தது. ஆளுங்கட்சிக் கொறடா அதை எதிர்த்து வாக்களிக்கக் கட்டளையிட்டார். ஆளுங்கட்சி வரிசையில் இருந்ததோ முன்பு வினா எழுப்பிய அதே காசிமேட்டு மாணவர். 1985இல் அரசியலமைப்பின் 52ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட, கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணையின்படி, கட்டளையை மீறி வாக்களித்தாலும் வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் பதவி பறிபோகக்கூடும். 15 நாட்களுக்குள் கட்சி பொறுத்துக்கொண்டால் மட்டுமே தப்பலாம். இதை நன்கு அறிந்தே அவர் திருத்தத்தை ஆதரித்தார். குரல் வாக்கெடுப்பு தெளிவில்லாமல் போக, எண்ணிக் கணக்கிட வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் கோரினர். 1999 ஏப்ரல் 17 அன்று மக்களவையில் 269க்கு 270 என்ற கணக்கில் ஒரே வாக்கில் அரசு கவிழ்ந்ததைப் பயிற்சியில் கேட்டிருந்தவர்கள், வரிசை வரிசையாக எழுந்து நின்று எண்ணப்பட்டபோது மூச்சுவிடாமல் கவனித்தார்கள்.

வாக்குகள் சமமாக விழுந்தன. அரசியலமைப்பின் 189ஆம் பிரிவின்படி தலைவர் முதலில் வாக்களிக்க மாட்டார். சமநிலை ஏற்பட்டால் மட்டுமே தீர்மானிக்கும் வாக்கு அவருடையது. தலைவர் இருக்கையில் இருந்த மாணவி சற்று நேரம் எடுத்துக்கொண்டு, பெரும்பான்மை இல்லாத ஒரு மாற்றத்தைத் தலைவர் தன் வாக்கால் உண்டாக்கக் கூடாது என்ற மரபைச் சுட்டி, திருத்தத்துக்கு எதிராக வாக்களித்தாள். அவளுடைய அப்பா மீன் அங்காடியில் வேலை செய்பவர். அவை கலைந்தபின் விசாரித்தபோது, தன் சொந்த விருப்பம் திருத்தத்தின் பக்கமே இருந்தது என்று கூறினாள். கட்சி மீறிய மாணவரை அவருடைய கட்சி ஒரு வாரம் கழித்து எழுத்து மூலம் பொறுத்துக்கொண்டது. அக்கடிதம் நம் கோப்பில் உள்ளது, படிக்கச் சுவையானது.

மானியக் கோரிக்கை நாளன்று, 100 ரூபாய் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் பற்றிச் சொன்னதும், நூறு ரூபாய்க்கா இத்தனை பேச்சு என்று ஒரு மாணவர் கேட்டு அவையைச் சிரிக்க வைத்தார். குறிப்பிட்ட குறை ஒன்றைப் பேசுவதற்கான வாயில் அது என்று விளக்கப்பட்டது. அன்று மதிய உணவுக்குப் பிறகு அவையில் ஆட்களே இல்லை. அவை நடக்கக் குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்னும் குறைவெண் வரம்பு பத்துப் பேர் அல்லது மொத்த உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கு, இவற்றில் எது அதிகமோ அது; 234 பேர் கொண்ட பேரவைக்கு 24, நம் அவைக்கு 10. மணியடித்து, சுண்டல் வரிசையில் நின்றவர்களை அழைத்துவந்த பிறகே அலுவல் தொடர்ந்தது.

அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் பதவிகளுக்குப் போட்டி இருந்தது. செயலக மேசைக்கும் குறிப்பெழுதும் பணிக்கும் யாரும் முன்வரவில்லை. ஆண்டு முடிவில் விதிகளை மனப்பாடமாகச் சொன்னவர்களோ அம்மேசையில் அமர்ந்தவர்களே. அடுத்த ஆண்டு ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் அங்கு அமர வேண்டும் என்பது செயற்குழுவின் பரிந்துரை. மாலை அமர்வுகளுக்கு மாணவியர் வரவு குறைந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். திருவொற்றியூரிலிருந்து வருவோருக்கு வீடு திரும்பும் பயணமே தடை. அமர்வுகளைக் காலையிலேயே வைத்துக்கொள்வது தவிர வேறு வழி தெரியவில்லை. ஒரு பள்ளி இடைத்தேர்வைக் காரணம் காட்டி மாணவர்களைப் பாதியில் திரும்பப் பெற்றது. காலியான இடங்களை இடைத்தேர்தல் நடத்தி நிரப்பினோம்.

இறுதியாக ஒன்று. பயிற்சி நிறைவில், நம் சங்கத்தின் பொதுக்குழு நடவடிக்கைக் குறிப்பேட்டைப் பார்க்கலாமா என்று மாணவர்கள் எழுத்து மூலம் கேட்டனர். தலைவரின் ஒப்புதலுடன் காட்டப்பட்டது. பொதுக்குழுவில் உறுப்பினர்கள் செயற்குழுவிடம் வினா எழுப்ப நம் துணைவிதிகளில் இடமில்லையே என்று அவர்கள் சுட்டினர். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற சங்கம் என்ற முறையில் நாம் ஆண்டுதோறும் கூடுகிறோம், கணக்கை ஏற்கிறோம். கேள்வி கேட்பதை மட்டும் தேநீர் இடைவேளைக்கு விட்டு வந்திருக்கிறோம். எனவே, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு உறுப்பினர் எவரும் எழுத்தில் வினா தரலாம், செயலாளர் கூட்டத்தில் விடையளிக்க வேண்டும், ஒவ்வொரு வினாவுக்கும் இரண்டு துணைக்கேள்விகள் அனுமதிக்கப்படும் என்ற துணைவிதித் திருத்தம், சிறப்புத் தீர்மானமாக இன்றைய பொருள்நிரலில் சேர்க்கப்பட்டு, அதன் வாசகம் உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே அனுப்பப்பட்டுள்ளது. அதன் மீது திருத்தம் கொண்டுவர விரும்புவோர், விவாதம் தொடங்குமுன் எழுத்து மூலம் தலைவரிடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கூடத்தைக் கட்டணமின்றித் தந்தவர்களுக்கும், பயிற்சியாளருக்கும், ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும் சங்கத்தின் நன்றியைத் தெரிவித்து, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்